மாலை வரை காத்திருந்த டப்பா

ஐப்பசி அடைமழை விட்டதும் எங்கள் பொழிச்சலூர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு "கவிச்சி" வாடை எழும். கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு துணிக்கொடி கட்டும் இடம்தான் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அம்மா குடிதண்ணீர்ப் பானையில் வெட்டிவேரைப் போட்டுவிட்டு, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நம்பினாள். நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம், தீபாவளி முடிந்த மறு திங்கட்கிழமை, பன்னிரண்டாவது படித்த அக்காவுக்கு வயிற்றைப் பிசையும் வலியும், சளியும் ரத்தமுமாகக் கழிச்சலும் தொடங்கின. அம்மா வைத்த பெயர் "சூடு". அப்பா வைத்த பெயர் "நடிப்பு". "பரீட்சை வந்தா மகாராணிக்கு வயித்து வலி வந்துடும்" என்பார், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பக்கத்துத் தெரு டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அக்கா காலையிலேயே டப்பாவில் எடுத்து வைத்தாள். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க அப்பாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இஸ்திரி வண்டிக்காரர், "இன்னா சார், கையில ஸ்வீட்டா?" என்று கேட்டுவிடுவாராம். அதனால் டப்பா, தாளில் சுற்றி, பையில் சுற்றி, கொல்லைப்புறச் சுவரின்மேல் பொழுது சாயும்வரை கிடந்து, அதன்பிறகே பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. கிருமி ஏதுமில்லை என்று முடிவு வந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சாயங்காலம், மறுபடியும் "இல்லை". அந்தத் தாளை அக்காவின் முகத்துக்கு நேரே ஆட்டி, "இப்ப என்னம்மா சொல்ற?" என்றார் அப்பா. எழுந்து நிற்கவே அவளுக்குச் சுவர் வேண்டியிருந்தது.

அரையாண்டுத் தேர்வில் மயங்கி விழுந்தவளை ஆசிரியைகள் ஆட்டோவில் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விஷயம் தெரிந்து ஓடி வந்த அப்பாவிடம் அங்கிருந்த டாக்டரம்மா, "எப்ப எடுத்தீங்க, எப்ப கொண்டு போய்க் குடுத்தீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"இது அமீபாவா இருக்கும் சார். வெளிய வந்து ஆறிப்போனா அரை மணி நேரம்கூடத் தாங்காது. செத்துப்போனதைக் கொண்டு போய்த் தேடச் சொன்னா யாருக்குக் கிடைக்கும்?"

அங்கேயே எடுத்து, சூடு ஆறுமுன் நுண்ணோக்கியில் வைத்தார்கள். அக்காவின் ரத்தச் சிவப்பணுக்களை விழுங்கிய உடலோடு அது நகர்ந்துகொண்டிருந்தது. மாத்திரையில் தீர்ந்துபோனது. மாத்திரையில் தீரக்கூடிய ஒன்றை, தெருவின் பார்வைக்குப் பயந்து ஒரு பெண்ணின் குடலுக்குள் வளர்த்தார்கள்.

இப்போது அந்தக் கிணறு இல்லை. மூடிய இடத்தில் கார் நிற்கிறது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வருகிறது. அப்பாவும் போய்விட்டார். காரியத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த மனிதர் என்று மாறி மாறிச் சொன்னபோது அக்கா எழுந்து உள்ளே போனாள். அவள் நடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றுகூட, "வேளாவேளைக்கு மாத்திரையைப் போடு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.