உப்புத்தாள் பட்ட பீரோ

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் கணவரின் நண்பருடைய மனைவி, கூடத்தில் நிற்கும் வெள்ளை மர பீரோவைத் தடவிப் பார்த்துவிட்டு, "சென்னையில இந்த மாதிரி தேஞ்ச பீரோவுக்குத்தான் இப்போ கிராக்கி. எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டார். சமையலறையில் அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் வேலை. புத்தம்புது ஷூவின் மூக்கிலும் குதிகாலிலும் மெழுகு போட்டுத் தேய்த்து, பத்து வருடம் போட்டு நடந்தது போலக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். அதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை என்று சூப்பர்வைசரே சொல்வாராம். கல்யாணம் நிச்சயமானபோது, குடியாத்தத்து மாப்பிள்ளை வீட்டார் சீராக ஒரு பீரோ கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்த அப்பாவால் புது ஸ்டீல் பீரோ வாங்க முடியவில்லை. யாரோ காலி செய்த பழைய பங்களாவிலிருந்து, பச்சை பெயிண்ட் அடித்த ஒரு மர பீரோவைத் தூக்கிவந்தார். அக்காவே அதற்கு வெள்ளை எனாமல் அடித்தாள். பளபளவென்று புதிதாகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த விடாதவள் நான்.

கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன படப்புத்தகம் ஒன்று அக்காவிடம் இருந்தது. அதில் ஒரு பீரோ. ஓரமெல்லாம் தேய்ந்து, வெள்ளைக்கு அடியில் பழைய நிறம் தெரிந்தது. "நம்மளுதும் இப்டியே பண்ணுக்கா, ராணி வூட்டு பீரோ மாதிரி இருக்கும்" என்று நச்சரித்தேன். அம்மா தலையிலடித்துக்கொண்டாள். அக்காவுக்கும் கை பரபரத்திருக்க வேண்டும், உப்புத்தாளை எடுத்துவிட்டாள். கைப்பிடியைச் சுற்றி, கதவின் விளிம்பில், கீழே கால் இடிக்கும் இடத்தில் மட்டும் தேய்த்தாள். நானும் ஒரு துண்டு வாங்கி, ஸ்டூல் மேல் ஏறி, மேல்மூலையைப் பறண்டினேன்.

"அங்க யார் கைடீ படும்? கை படற எடந்தான் தேயணும். இல்லாட்டி பொய்னு தெரிஞ்சிடும்" என்று சிரித்தாள். ஆனாலும் என் மனம் நோகக்கூடாதென்று அதை அப்படியே விட்டாள்.

குடியாத்தத்தில் டெம்போவிலிருந்து சீரை இறக்கியபோது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அக்காவின் மாமியார் நேராக அந்த மேல்மூலையில்தான் விரலை வைத்தார். "இன்னாம்மா இது? பெயிண்ட் உரிஞ்ச பீரோவ தூக்கினு வந்திருக்கீங்க? எங்கள இன்னான்னு நெனச்சீங்க?"

"இது ஃபேஷன் அத்தே. ஃபாரின்ல இப்டித்தான்" என்றாள் அக்கா. கூட்டம் சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். உப்புத்தாள் பிடித்த என் விரல்களை அங்கேயே ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று முதல் அந்த வீட்டில் அவள் பெயரே 'ஃபாரின்' ஆகிவிட்டது. சோறு குழைந்தால் ஃபாரின் சோறு, உடம்பு முடியாமல் படுத்தால் ஃபாரின் தூக்கம். மாப்பிள்ளையும் சேர்ந்து சொன்னார். பிறகு சொல்வதோடு நிற்கவில்லை, கையையும் ஓங்கினார். கல்யாணமான எட்டாவது மாதம், புது பீரோவோடு வந்தால் போதும் என்று அவளையும் பீரோவையும் ஒரே டெம்போவில் ஏற்றி அனுப்பினார்கள். அப்பா ஒரு டப்பா வெள்ளை எனாமல் வாங்கிவந்து, தேய்ந்த இடமெல்லாம் மறையும்படி அடித்தார். அவர்கள் வந்து கூப்பிடவே இல்லை.

அக்கா மறுபடியும் கம்பெனிக்குப் போனாள். இன்றும் போகிறாள், புது ஷூவைப் பழசாக்குகிறாள். அப்பா அம்மா போனபிறகு பீரோவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் காலையில் அதைத் திறந்து கம்பெனியில் போடும் கோட்டை எடுப்பாள், மாலையில் உள்ளே மாட்டுவாள்.

"கடையில வாங்கலைங்க, எங்க அக்கா பண்ணது" என்றேன் வந்தவரிடம். அக்கா தோசைத் தட்டோடு வெளியே வந்தாள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா. இத்தினி வருஷமா தொறந்து தொறந்து மூடறேன், அவ்ளோதான்" என்றாள்.

வந்தவர் கிளம்பியபின் பீரோவின் முன்னால் போய் நின்றேன். அப்பா அடித்த பெயிண்ட் கைப்பிடியைச் சுற்றிலும், கதவின் விளிம்பிலும், கீழே கால் இடிக்கும் இடத்திலும் போய்ப் பச்சை தெரிந்தது. அன்று அக்கா தேய்த்த அதே இடங்கள். நான் தேய்த்த மேல்மூலையில் மட்டும் அப்பாவின் வெள்ளை அப்படியே இருந்தது.