இல்லாத பூனைக்கு மீன் தலை

என்னிடம் பூனை இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் என் பூனைக்கென்று ஒரு பொதி கிடைக்கிறது. இங்கிலாந்தில் நான் வாழும் சின்னத் துறைமுக ஊரில், அலை வந்து தட்டும் மதிலோரம் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை உண்டு. உட்காரும் கதிரைகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அதில் ஒன்று பல் வைத்தியரிடம் இருந்து வந்த பழசு. கடையை நடத்தும் லிண்டாவிடம் முதல் நாளே, சீ பாஸ் மீனைத் தலையோடு தரமுடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, பூனை வளர்க்கிறீர்களா என்றார். தலை எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமென்றுவிட்டேன். அன்றிலிருந்து மீன் தலையில்லாமல் தட்டுக்கு வரும், தலை பொதியாகக் கைக்கு வரும். வீட்டில் அதைப் போட்டு ஆணம், எங்கள் ஊர்க் குழம்பு, காய்ச்சித் தனியே இருந்து உறிஞ்சுவேன்.

இலங்கையில், கல்முனையில் எங்கள் வீட்டில் மீன் தலை மூத்தவருக்கு. வாப்பா இருக்கும்வரை பாரை மீனின் தலை அவருக்குத்தான். கன்னச் சதையை மட்டும் கிள்ளி, முள் பார்த்து, என் பக்கம் தள்ளுவார். எனக்குப் பிறகு நீதான் இதைத் தின்ன வேண்டும் என்பார். அவர் மௌத்தானபோது விசாச் சிக்கலால் என்னால் போக முடியவில்லை. எட்டு வருஷம் கழித்து இந்த வருஷம்தான் போனேன். வாப்பாவின் இடத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆசை, வெளியே சொல்லக் கூசுகிற ஆசை, என்னோடு விமானம் ஏறியது.

ஜும்மா முடிந்ததும் தம்பி வீட்டார் எல்லோரையும் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். பழைய தோணியை நெடுக்காக அறுத்து மேசையாக்கிய கடை. அங்கே விலைப்பட்டியல் கிடையாது. முதலாளி மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். நாம் தலையாட்டினால் அது சட்டிக்குப் போகும். நான் ஒரு பெரிய பாரைக்குத் தலையாட்டினேன். சோறு சஹனில் வந்தது, எல்லோரும் சுற்றியிருந்து தின்னும் ஒரே பெரிய தாலத்தில். உச்சியில் இருந்த பாரைத் தலையை முதலாளி யாரையும் கேட்காமல் தம்பியின் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குத் தனித் தட்டு வந்தது: முள் நீக்கிய சதை, உறைப்பில்லாத ஆணம், ஒரு முள்ளுக்கரண்டி.

“இதென்னடா?” என்றேன்.

“நான்தான் செய்யச் சொன்னன் காக்கா. உங்களுக்கு இப்ப முள்ளுப் பழக்கமில்லதானே” என்றான் தம்பி. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சல். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். வாப்பாவைக் கடைசிவரை பார்த்தவன் அவன், கபுறில் மண் போட்டவன் அவன், உம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுபவனும் அவன். தலை அவனுக்குப் போவது நியாயம். நியாயம் தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு வேண்டாம், சஹனில் தின்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கன்னச் சதையைக் கிள்ளி, முள் பார்த்து, என் தட்டில் வைத்துவிட்டான்.

“தின்னுங்க காக்கா.”

தின்றேன். கரண்டியால்தான் தின்றேன்.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை லிண்டாவின் கடைக்குப் போனேன். இத்தனை நாளும் பூனையை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். கூடவே ஊருக்குக் கொண்டுபோனேன் என்றேன்.

“அங்கே நன்றாகச் சாப்பிட்டதா?”

இல்லையென்று தலையசைத்தேன். பாவம் என்று சொல்லி, இன்னொரு தலையையும் சேர்த்துப் பொதி கட்டித் தந்தார்.