அம்மா குளிப்பாட்டிய மெமரி

எங்கம்மா எவுசேபியா ஒரு பொருள் வாங்க அரை மணி நேரம் நின்று நான் பார்த்தது அந்த ஞாயிற்றுச் சந்தையில்தான். எங்கள் மலையூர் எல் ஆல்டோவில் கல்யாணம், திருவிழா எல்லாம் படம் பிடித்து, வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். அதற்கு முன் பதினோரு வருஷம் முதுகுத்துணியில் உருளைக்கிழங்கு சுமந்தவள்.

அன்றைக்கு அவளை நிற்க வைத்தது எங்கள் தெரு ஹிலாரியா அக்கா கேட்டிருந்த வீடியோ. அக்காவின் புருஷன் வெள்ளி முகமூடி போட்டுத் திருவிழாவில் மூன்று மணி நேரம் ஆடினார். அடுத்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவருக்காக வைக்கும் பூசைக்குக் கூடுகிறவர்களுக்கு அவர் ஆடுவதைக் காட்ட வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரோ பதினாலாவது நிமிஷத்திலேயே படுத்துவிடும். மெமரி போதவில்லை.

கடைக்காரன் இரண்டு ஜோடி மெமரிகளை நீட்டினான். விலை ஒன்றுதான். ஒன்று வேகமானது, மொத்தம் பதினாறு ஜிபி, கலர் விளக்கு வேறு எரியும். மற்றது யாரோ கழற்றிப் போட்டது, மந்தம், ஆனால் முப்பத்திரண்டு.

"இப்பல்லாம் வேகந்தான் காசேரிட்டா. கேம் ஆடுற பசங்க இதத்தான் அள்ளிட்டுப் போறாங்க" என்றான். வாடிக்கைக்காரர் எல்லாரும் அவனுக்குக் காசேரிட்டாதான். நானும் விளக்குக்கே ஓட்டுப் போட்டேன்.

"காலு வேகமா இருந்து என்னப்பா பண்றது? துணி சின்னதா இருந்தா ஒரே கிழங்குக்குப் பத்து தடவ மலை ஏறணும். நான் ஏறிப் பாத்தவ" என்று அம்மா மந்த ஜோடியை மடியில் கட்டிக்கொண்டாள்.

மாட்டினோம். படம் பதினாலாம் நிமிஷத்தைத் தாண்டிப் போனது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சல்லா, புதிதாக வந்த எதற்கும் ஆல்கஹால் தெளித்து ஆசி வாங்கும் சடங்கு. தெருவில் லாரி, தையல் மெஷின், புதுக் கதவு எல்லாவற்றின் மேலும் ஆல்கஹாலும் பூவும் விழுந்துகொண்டிருந்தன. அம்மா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். புதிதாக வந்தவர்களுக்கு ஆசி நேரடியாகப் போய்ச் சேர வேண்டுமாம். உள்ளே படம் தயாராகி எண்பது சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து ஆல்கஹால் பாட்டிலை எடுத்து, நான் கத்துவதற்குள் தெளித்துவிட்டாள்.

'பட்' என்று ஒரு சத்தம். திரை கறுத்தது.

பாட்டிலில் இருந்தது ஆல்கஹாலே இல்லை. திருட்டுத்தனமாக ஒரு வாய் குடிக்கும் வில்மர் மாமாவை ஏமாற்ற, அதில் சர்க்கரை சோடா ஊற்றி வைத்தது நான்தான். ஆல்கஹாலை மருந்து பாட்டிலில் ஒளித்திருந்தேன்.

அம்மா கையிலிருந்த பூவிதழ்கள் ஒன்றொன்றாகத் தரையில் விழுந்தன. "ஹிலாரியாகிட்ட என்ன சொல்வேன்" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

பாட்டிலில் இருந்தது சோடா என்று சொல்லிவிட்டேன்.

அவள் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். நிஜ ஆல்கஹாலைக் கொண்டுவரச் சொன்னாள்; அதுதான் ஒட்டாமல் காய்ந்து பறந்துவிடும். மெமரியைக் கழற்றி, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போல ஒவ்வொன்றாகக் கழுவினாள். உள்ளே ஒட்டியிருந்த சோடாவை நான் பிரஷ்ஷால் துடைத்தேன். ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வைத்தோம்.

ஒன்று செத்துவிட்டது. பதினாறு ஜிபி பிழைத்தது. வேக ஜோடியை வாங்கியிருந்தால் எட்டுதான் மிஞ்சியிருக்கும். படத்தைத் துண்டு துண்டாக ஓட்டி வியாழன் சாயங்காலம் முடித்தோம். முகமூடியைக் கழற்றிவிட்டு அந்த மனுஷன் சிரிக்கும் இடத்தில் அம்மா மூக்கைச் சிந்தினாள்.

பாட்டிலில் மிச்சமிருந்த ஆல்கஹாலை என் உச்சந்தலையில் கவிழ்த்தாள்.

"உண்மைய சொல்ற புள்ள வீட்டுக்குப் புதுசுடி. சல்லா பண்ண வேணாமா?"