அண்ணன் பத்திரப்படுத்திய தாள்

அண்ணனின் கணினிப் பெட்டியைத் திருகு கழற்றித் திறந்தபோது உள்ளே தூசியே இல்லை. எட்டு வருடம் ஓடிய கணினி. என் வீட்டில் இருப்பதைத் திறந்தால் தலையணையைக் கிழித்தது போல் பஞ்சு பஞ்சாக வந்து விழும். எப்போதோ ஒருநாள் பேச்சுவாக்கில், "அண்ணே, மாசம் ஒரு தடவ சின்ன ப்ரஷ் வச்சு உள்ள தட்டி விடுங்க, சூடாகாது" என்று சொல்லியிருந்தேன். சொன்னவன் மறந்துவிட்டேன். அவர் போன வருடம் படுத்த படுக்கையாகும் வரை அதைச் செய்திருக்கிறார். அந்த ப்ரஷ்கூடப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கவரில் இருந்தது.

அவர் அப்படித்தான். தீவில், ஜார்ஜ் டவுனில் வீடு; கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. முப்பது வருடம் மோட்டார் சைக்கிளோடு ஃபெரிப் படகில் போய் வந்தவர். ஸ்டோருக்குள் தலைக்கவசம் போடச் சொன்னால் தேநீர் குடிக்கும்போதும் கழற்ற மாட்டார். ஒருவர் சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. நானும் பிறையில்தான், வேறொரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். கை வேகம், வாயும் வேகம். "உங்கள மாதிரி ஆளு இருந்தாத்தான் கம்பெனி பொழைக்கும்" என்று அவரைக் கிண்டல் செய்வேன். அவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அந்தக் கணினியில் இருந்தது அவருடைய குரல். கல்யாணமான புதிதில் அவர் இரண்டு வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். வாரம் தவறாமல் அண்ணிக்குக் கடிதம் போட்டார். அண்ணி ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. சர்க்கரை நோயில் அண்ணிக்குக் கண் பார்வை போனபிறகு, அந்தக் கடிதங்களை அண்ணன்தான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தன் நுரையீரலில் இருப்பது என்னவென்று டாக்டர் சொன்ன வாரத்தில் ஒரு மைக் வாங்கி வந்தார். தினம் மத்தியானம் ஒரு கடிதமாகப் படித்துப் பதிவு செய்தார். அவர் போனபிறகு அண்ணி சாப்பிட்டதும் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு கடிதம் கேட்பார். விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று ஒரு விசையின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக் கொடுத்திருந்தேன். அந்தப் பதிவுகளுக்கு வேறு பிரதி கிடையாது. அடுத்த வாரம் எடுத்து வைக்கலாம், அடுத்த வாரம் எடுத்து வைக்கலாம் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

கணினி அடிக்கடி தானாக அணைய ஆரம்பித்தது. பாதிக் கடிதத்தில் குரல் நின்றுவிடும். அண்ணி எனக்குப் போன் செய்வார். மதர்போர்டுதான் கோளாறு என்பது தெரிந்துவிட்டது. போர்டையும் புரோசசரையும் சேர்த்து மாற்றிவிட்டால் பத்து வருடத்துக்கு யாரும் எதையும் தொட வேண்டாம் என்று நினைத்து, ஜுருவில் ஒரு கடையில் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து அண்ணி வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். பழைய விசிறியைப் பிடித்து இழுத்தேன். புரோசசர் மேல் தடவியிருந்த பசை காய்ந்து இறுகிப் போயிருந்ததால் அதுவும் விசிறியோடு சேர்ந்து பல் பிடுங்கியது போல் வந்துவிட்டது. அடியில் இருந்த ஊசிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. குப்பைக்குப் போகிற சாமான்தானே என்று ஓரமாக வைத்தேன்.

எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. நாற்காலியில் இருந்த அண்ணி, "என்ன தம்பி, காத்துச் சத்தம் மட்டும் வருது?" என்றார். மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். பலனில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டபிறகுதான் தெரிந்தது, புரோசசருக்குத் தனியாக மின்சாரம் தரும் சின்ன வயரை நான் மாட்டவே இல்லை. மாட்டியதும் திரை வெளிச்சமானது. "வந்துருச்சு அண்ணி!" என்று கத்தினேன். அண்ணி சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்து வந்தார், வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல.

வந்தது நீலத் திரை. இந்தக் கணினியின் பாகங்கள் மாறியிருக்கின்றன, டிஸ்கைத் திறக்க மீட்புச் சாவியைப் போடு என்றது. நாற்பத்தெட்டு இலக்கம்.

அந்தப் பூட்டைப் போட்டவன் நான். கீழ் மாடியில் ஒரு வீட்டில் திருடன் புகுந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போன சமயம், அண்ணன் பயந்து என்னைக் கூப்பிட்டார். யார் எடுத்துப் போனாலும் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டினேன். சாவி எண்ணை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். "இத உசுரு மாதிரி வச்சிக்குங்கண்ணே. கம்ப்யூட்டர் பக்கத்துல வைக்காதீங்க, திருடன் கை படாத எடமா பாத்து வைங்க" என்றேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பாகத்தை மாற்றும் முன் அந்தப் பூட்டை எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். போட்டதே மறந்து போனவனுக்கு எடுக்க எங்கே ஞாபகம் வரும்!

மேசை இழுப்பறை, வீட்டுப் பத்திரங்கள், பழைய மின்சார பில்கள் எல்லாவற்றையும் கலைத்தேன். என்ன தேடுகிறேன் என்று அண்ணி கேட்டார். சொன்னேன்.

"நாலா மடிச்ச தாளா? அத அவரு ஜெபப் புத்தகத்துலதானே வச்சிருந்தாரு. பின் அட்ட ஒறைக்குள்ள. நான்தான் தடவிப் பாத்து என்னன்னு கேட்டேன். தம்பி குடுத்தது, பத்திரமா இருக்கணும்னாரு."

எழுந்து இரண்டு அடி நடந்தேன், புத்தகத்தை எடுக்க. அப்புறம் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் வீடுகளில் இறந்தவரைச் சவப்பெட்டியில் வைத்தால் கையில் செபமாலையைச் சுற்றுவோம். அவர் வைத்து ஜெபித்த புத்தகத்தையும் கூட வைப்போம். அண்ணி கேட்டுக்கொண்டபடி, மூடி போடுவதற்கு முன், அண்ணனின் உள்ளங்கைக்குக் கீழே அதை வைத்தது என் கைதான். அட்டை கொஞ்சம் உப்பலாக இருந்தது. ஏதாவது மாதா படமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கெடச்சுதா தம்பி?" என்றார் அண்ணி. அவருக்கு என் முகம் தெரியாது. புத்தகம் எங்கே போனது என்பது அந்த நேரம் அவர் நினைவுக்கும் வரவில்லை போலும்.

இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய பாகங்களையே மாட்டினால் டிஸ்க் சாவி கேட்காமல் திறக்கும் என்பதால், பழைய புரோசசரின் ஊசிகளைத் தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். இரண்டு ஊசி ஒடிந்து விழுந்தது. இருந்தாலும் பழைய போர்டில் மாட்டிப் பார்த்தேன். விசிறிகூட அசையவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "கீ இல்லாம யாராலயும் முடியாதுலா அண்ணே. அதுக்குத்தானே அந்த லாக்கே" என்றார்.

அப்போது ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. டிஸ்க் கெட்டுப்போச்சு அண்ணி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சாமான் கெட்டால் யாரைக் குறை சொல்வது? மனதுக்குள் இரண்டு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. நான் சொன்ன சின்ன வார்த்தையைக்கூட நம்பி நடந்த மனிதரின் மனைவிக்கு, அவர் குரலைப் பற்றியே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன், ஊசி ஒடிந்தது உட்பட.

அண்ணி மெதுவாக, "தோண்டி எடுக்க முடியாதுல்ல?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சும்மா கேட்டேன் தம்பி. சும்மாதான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபதை நெருங்குகிற வயதில் அண்ணியின் முன்னால் விக்கி விக்கி அழுதேன். அண்ணன் அடக்கத்தில்கூட நான் அப்படி அழவில்லை. அன்று எனக்குச் செய்ய ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது.

"வைக்கச் சொன்னது நான். நீங்க என்ன செய்வீங்க?" என்றார் அண்ணி. "அழிஞ்சிருச்சா, இல்ல உள்ளதான் இருக்கா?"

"உள்ளதான் இருக்கு அண்ணி. தெறக்கத்தான் முடியாது."

"அப்ப அழிச்சிறாதீங்க. எங்கிட்ட குடுங்க."

டிஸ்கைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கி, இவ்வளவு சின்னதா என்று ஆச்சரியப்பட்டார். அலமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்தார்.

அந்த வாரம் முழுக்க வேலையில் எனக்கு எதுவும் ஓடவில்லை. அண்ணன் எங்கே தவறினார் என்று தேடிப் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. திருடன் கை படாத இடத்தில் வை என்றேன், வைத்தார். நான்தான் வேகமாகச் சொல்லிவிட்டு, வேகமாக மறந்துவிட்டு, கடைசியில் வேகமாக இழுத்தும் ஒடித்தேன். அவருடைய நிதானத்தை மந்தம் என்று நினைத்ததற்கு அவரிடமே மன்னிப்புக் கேட்க ஆசையாக இருந்தது. இனி அது நடக்காது.

அடுத்த சனிக்கிழமை போனபோது அண்ணி கடிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படிங்க தம்பி."

புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியது. தயங்கினேன்.

"எனக்கு எழுதுன லெட்டரு. எனக்கே வெக்கமில்ல, ஒங்களுக்கு என்ன?" என்றார்.

மேலே இருந்ததைப் பிரித்தேன். கப்பலின் துரு கண்ணில் விழுந்தது, விடுதியில் சோறு குழைந்துபோனது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அண்ணி நினைவாகவே இருந்தது என்று அவருடைய குண்டு குண்டான எழுத்து. எனக்குச் சத்தம் போட்டுப் படித்துப் பழக்கமில்லை. அவசரமாக ஓடினேன். இரண்டாம் பக்கம் பாதியில் அண்ணி கையைத் தூக்கினார்.

"இங்க கொஞ்சம் நிப்பாட்டுங்க தம்பி. இங்க அவரு தண்ணி குடிப்பாரு."

நிறுத்தினேன். அண்ணி தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து, டம்ளரைக் கீழே வைக்கிற நேரம் போயிற்று.

"ம்," என்றார். "இப்ப படிங்க."