பார்க்காத படத்துக்குக் கதை எழுதிய உத்தியோகம்

பிள்ளைகளே, "உங்கப்பாவுக்கு என்ன வேலை?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சினிமா எழுத்தாளன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் எந்த நடிகை எந்த நடிகையோடு பேசுவதில்லை என்று முதலமடை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே எழுதிவிடுவேன். சென்னைப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை. கோயம்புத்தூரில் ஒரு சினிமா வாரப் பத்திரிகை அதையெல்லாம் நம்பி அச்சடித்தது. நம்பிப் படிக்கவும் ஆள் இருந்தது.

நெருக்கடிநிலை வந்தது. எதை எழுதினாலும் முதலில் மேலே காட்ட வேண்டும் என்றார்கள். நாட்டுக்கு ஆபத்து நடிகையின் மூக்குத்தி வழியாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பத்திரிகைக்கு ஒரு மாதம் ஓய்வு என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை.

வேலை போனாலும் எழுத்தை நான் விடவில்லை. தினமும் காலையில் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

"எழுதுங்க, வேண்டாங்கல. எருமைக்குத் தண்ணி காட்டிட்டு எழுதுங்க" என்பாள் உங்கள் அம்மா.

மலைமேல் ஆனைக்கரையில் ஏலக்காய் காயவைத்துத் தரம் பிரிக்கும் ஸ்டோர் வைத்திருந்த உங்கள் மாமா, செய்தி கேள்விப்பட்டு வந்து இறங்கினார்.

"ஏனுங்க மாப்ள, பத்திரிகையே போய்ச் சேந்துருச்சு. இன்னும் யாருக்குங்க எழுதறீங்க?"

"பழக்கம் விட்டுப்போகக் கூடாதுங்களே."

"பழக்கம் வயித்த நெறைக்குமுங்களா? பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள எழுத்துல ஒரு வேலை அமையாட்டி, தங்கச்சியையும் கொழந்தையையும் கூட்டிக்கிட்டு எங்கூட மலையேறிடோணும். காய் பொறுக்கறதுக்குக் கற்பனை வேண்டாமுங்க."

மலையேறினால் பேனாவைக் கீழேயே விட்டுவிட வேண்டியதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மார்கழியில் ஒரு வழி பிறந்தது. எங்கள் ஊர் மாங்காய் வியாபாரி ஒருவர், காய் இறங்கும்வரை சும்மா கிடக்கும் தன் களத்தில் டென்ட் கொட்டகை போட்டுப் படம் ஓட்டினார். அவருக்கு நோட்டீஸ் எழுத ஆள் வேண்டும். நோட்டீஸ் என்றால், பாதிக் கதையைச் சொல்லி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்க வேண்டும். ஒரு சங்கடம். படப்பெட்டி வருவது சாயங்காலம், நோட்டீஸ் ஊருக்குள் போக வேண்டியது காலையில்.

"படத்தைப் பாக்காம எப்படிங்க எழுதறது?" என்று கேட்டேன்.

"பூவைப் பாத்துத்தானுங்க நாங்க தோப்பையே குத்தகைக்குப் பிடிக்கறோம்! காயைப் பாத்துட்டா பிடிக்கறோம்? போஸ்டரைப் பாத்து எழுதுங்க."

அவர் தந்த போஸ்டரின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. மேல்பாதியில் ஒரு பெண் கண்ணீர் விட்டாள். பின்னால் ஒருவன் கத்தி பிடித்திருந்தான். எனக்கு அது போதாதா? கண் தெரியாத அபலை, சொத்துக்காகக் கத்தி தூக்கும் சித்தப்பா, பட்டாளத்துக்குப் போன அண்ணன். 'அண்ணன் வந்தானா? அபலைக்குப் பார்வை கிடைத்ததா?' என்று நிறுத்தினேன். மாட்டுவண்டியில் தமுக்கடித்துக்கொண்டு நோட்டீஸ் போனது. சாயங்காலம் ஊர்ப் பெண்களெல்லாம் அழுவதற்குத் தயாராக வந்து சேர்ந்தார்கள். பொங்கல் கெடு முடியப்போகிறதென்று எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த மாமாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

படம் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் கல்யாணச் சமையலில் வெங்காயம் நறுக்குகிறாள். கத்திக்காரன் சமையல்காரன். போஸ்டரின் கீழ்ப்பாதி இருந்திருந்தால் வெங்காயம் தெரிந்திருக்கும்.

இடைவேளையில் ஒரு அம்மா வியாபாரியைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, அந்தக் கண்ணு தெரியாத புள்ள எப்ப வருவா?"

"சித்த பொறுங்க அம்மிணி, வந்துருவா" என்றார் அவர், கூசாமல்.

கடைசிவரை அவள் வரவில்லை. படம் முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்குக் கண்ணு வந்துச்சா இல்லீங்களா? அதைச் சொன்னாத்தான் ஊட்டுக்குப் போவோம்!"

வியாபாரி என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "நீங்க பூக்க வெச்சது, நீங்களே காய்க்க வைங்க."

வெறும் திரைக்கு முன்னால் நின்று மிச்சக் கதையை வாயாலேயே சொன்னேன். அண்ணனுக்கு ஒரு காலை எடுத்தேன், சித்தப்பாவைக் கிணற்றில் தள்ளினேன், கோயில் வாசலில் அவளுக்குப் பார்வையைக் கொடுத்தேன். மூக்கைச் சிந்தாத ஆள் இல்லை, மாமா ஒருவரைத் தவிர.

"அந்தப் புள்ளைக்குக் கண்ணு தெறந்தது சரிங்க மாப்ள. உங்களுக்கு எப்ப?" என்றார்.

மறுநாள் வியாபாரி கூப்பிட்டனுப்பினார். சீட்டுக் கிழியும் என்றுதான் போனேன், மாமாவும் கூடவே வந்தார்.

"ஊரே நோட்டீசுக் கதையைத்தானுங்க பேசுது. இனி ஒவ்வொரு படமும் முடிஞ்சதும் நின்னு முடிவு சொல்லிருங்க. வேலை உங்களுக்குத்தான்."

"இனிமேலாவது படத்தைப் பாத்துட்டு எழுதட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க. பாத்துட்டா அந்தக் கருமத்தைத்தான எழுதுவீங்க!"

பஸ் ஏறப்போன மாமா படியில் நின்று திரும்பினார். "ஆனைக்கரையில கேப்பாங்களே. மாப்ளைக்கு என்ன உத்தியோகம்னு சொல்லட்டும்?"

"எழுத்து உத்தியோகமுன்னு சொல்லுங்க."

"பாக்காத படத்துக்கு, இல்லாத கதை?"

"அதேதானுங்க."

மாமா தலையில் அடித்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினார். நான் அடுத்த போஸ்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.