இருபதடிக்கு ஒரு ராடு

வாக்கரின் நான்கு கால்களையும் வாசலில் ஊன்றி, மட்டம் பார்க்கக் குனிகிறார் வெள்ளியங்கிரி. "குனியாதீங்கன்னு டாக்டரு தலபாடா அடிச்சுக்கிட்டாரே, காதுல ஏறுச்சுங்களா?" உள்ளிருந்து மனைவி சௌந்திரம் அதட்டுகிறார். "ஜாக்கி எறக்காம மெசினைத் தொடப்படாது" என்கிறார் இவர்.

திருச்செங்கோட்டு ரிக் லாரியில் முப்பத்தைந்து வருடம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டவர். லாரி ஆடாமலிருக்க முதலில் இரும்புக் கால்களை இறக்குவது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ராஜஸ்தான் பாறைக்கே அசராத மனிதரைக் குளியலறைச் சோப்புநுரை சாய்த்துவிட்டது. வலது இடுப்பில் அறுவை முடிந்து இரண்டரை மாதம்.

வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு இருபதடி. பூமிக்குள் துளைபோட இறக்கும் ராடும் அதே நீளம். ஒரு நடை, ஒரு ராடு. "இன்னைக்கு ஏழு ராடு எறக்கியாச்சு" என்று பழைய கூட்டாளி அருணகிரிக்குப் போனில் சொல்வார். வலித்தால் "பாறை வந்திருச்சு." வியர்த்தால் "ஈரம் தட்டுது." தினம் இரண்டு முட்டை. "எனக்குப் புடிக்காது, எலும்புக்குப் புடிக்குமாமா, திங்கட்டும்!"

வாக்கரை விடச் சொன்னால் மட்டும் அந்தச் சிரிப்பு காணாமல் போகும். எலும்பு கூடிவிட்டது, கைத்தடி போதும் என்று டாக்டர் சொல்லிப் பதினைந்து நாளாகிறது. மனிதருக்குப் பயம், வேறொன்றுமில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய பழைய லாரி வடக்கே கிளம்புகிறது. தேங்காயில் கற்பூரம் ஏற்றி, கையில் ஏந்தி லாரியைச் சுற்றி வருபவர் வருடா வருடம் இவர்தான். வாக்கரைப் பிடித்தால் இரண்டு கையும் போச்சு. தேங்காய்க்குக் கை ஏது? "இந்த வருசம் வேற யாராச்சும் சுத்தட்டும்" என்று அருணகிரியிடம் சொல்லிவிட்டு, அன்று முட்டையைத் தொடவேயில்லை.

வியாழக்கிழமை, நடைப்பயிற்சி கொடுக்க வரும் நித்யஸ்ரீ கைத்தடியோடு வந்தாள்.

"ஏனுங்க அப்பாரு, நாளைக்கு லாரி எத்தனை மணிக்குங்க?"

"ஏழு மணிக்கு அம்மணி."

"ஜாக்கி ஏத்தாமயே கெளம்பிருமுங்களா?"

"அதெப்படி அம்மணி, எறக்குன ஜாக்கியை ஏத்தாம லாரி எப்படி..." அவளைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார். "பொல்லாத புள்ளை நீயி!"

இடது கையில் தடியை வாங்கினார். வலது கை வாக்கரை விட்டு விரல் விரலாகப் பிரிந்தது. காலியான அந்த உள்ளங்கையைத் தேங்காய் ஏந்துவதுபோல் விரித்துக்கொண்டு, வாக்கரை மெல்லச் சுற்றிவரத் தொடங்கினார்.