பேணி பேணிதானே

மரியம்மாவின் வீட்டில் அளவுக் கோப்பை என்று ஒன்று கிடையாது. அளப்பதற்கென்று குசினிக் கதவின் பின்னால் ஆணியில் ஒரு எனாமல் பேணி தொங்கும். வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு. ஸ்காபறோவில் ஏதோ ஒரு சேர்ச்சின் பழஞ்சாமான் விற்பனையில் எடுத்தது. அரிசி, பருப்பு, மா, சீனி, பால் எல்லாம் அந்தப் பேணியால்தான் அளப்பாள். அந்தக் குவளையும் அவளுக்குப் பேணி. கடையிலிருந்து ரின்னில் அடைத்து வருகிற எதுவும் பேணி. மீன் பேணி, தக்காளிப் பேணி, பூசணிப் பேணி. ஒரே சொல்லுக்குள் இரண்டு சாமான் இருப்பதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடிக்கும்வரை.

அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆறு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கொதிதண்ணீரிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறி அவளுடைய விரல் மொளிகள் வெடித்திருந்தன. பனிக்காலத்தில் செபமாலை உருட்டும்போது மணியில் இரத்தம் படும். கணவர் செல்வரட்ணம் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிறவர். வேலைக்குப் போய் வருவதற்கே நாள் சரியாகிவிடும் மனிதர்.

கோப்பை கழுவுகிறவளுக்கு ஒரு விசயம் தெரியும். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை விட, யார் எதை மிச்சம் விட்டார்கள் என்பது தெரியும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பூசணிப் பை என்கிற இனிப்புச் செய்வார்கள். உள்ளே இருக்கிற பூசணியை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கரையிலிருக்கிற கெட்டி மாவைக் கிழவர்கள் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். பல்லுக்கு ஏலாது. சீஸ்கேக் போன கோப்பைகள் மட்டும் நக்கினதுபோல வரும். மரியம்மா இதையெல்லாம் குப்பைக்குள் வழித்துக்கொட்டிக்கொண்டே படித்தாள்.

தொண்ணூற்று மூன்றில், இல்லத்தில் கேக் செய்கிற பழைய மனுசி ஓய்வெடுக்கப் போகிறாள் என்று தெரிந்தது. சமையலறைக்குப் பொறுப்பான றொபேட், தாங்ஸ்கிவிங் கிழமையில் வருகிற குடும்ப நாளுக்கு யாராவது புதிதாக ஒரு இனிப்புச் செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் அந்த வேலையைத் தருகிறேன் என்றான். மரியம்மா மூன்று கிழமை வீட்டில் செய்து பார்த்தாள். அடியில் இஞ்சி பிஸ்கற்றைத் தூளாக்கி பட்டரில் குழைத்து அமத்தினாள். கடிக்கத் தேவையில்லை, நாக்கிலேயே உதிரும். அதற்கு மேல் கிறீம் சீஸ். அதற்கு மேல் பூசணி, முட்டையும் பாலும் சேர்த்து. கறுவாவைக் கடைத் தூளாக வாங்காமல் தானே வறுத்து இடித்தாள். ஒரு கராம்பு, ஒரு சுரண்டல் சாதிக்காய். வெந்து ஆறினதும் உச்சியில் அடித்த கிறீம். வெட்டினால் துண்டின் பக்கத்தில் நாலு கோடு நேராகத் தெரியும்.

செல்வரட்ணம் மூன்று கிழமையும் பூசணி தின்று களைத்துப்போனார். "இஞ்சாரும், இனி என்ரை கண் மஞ்சளா வரப்போகுது" என்றார்.

குடும்ப நாளுக்கென்று செய்த நாலு தட்டு இனிப்பையும் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. செல்வரட்ணத்தின் தங்கை கிறிஸ்ரினாவும் அங்கேதான் வேலை. சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவள். அவளிடம் ஒரு பழைய வான் இருந்தது. இங்கிலிசும் மரியம்மாவை விட அவளுக்கு நன்றாக வரும். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மச்சாள், நான் றொபேட்டோடை கதைக்கிறன்" என்றாள்.

கதைத்தாள். மரியம்மா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கழுவுமிடத்து ஜன்னலடியில் நின்றாள். றொபேட் ஒரு துண்டை எடுத்துக் கடித்து, கண்ணை மூடித் திறந்து, யார் செய்தது என்று கேட்டான்.

"ஐ மேட் இற்" என்றாள் கிறிஸ்ரினா.

மூன்றே மூன்று சொல். அவ்வளவு இங்கிலிஸ் மரியம்மாவுக்கும் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது வானில் கிறிஸ்ரினாதான் முதலில் வாய் திறந்தாள். "குறை நினையாதேங்கோ மச்சாள். அந்த வேலையிலை பேப்பர் எல்லாம் எழுத வேணும், ஓடர் குடுக்க வேணும். உங்களுக்கு அது கஷ்டம். இப்ப என்ன, வேலை வீட்டுக்குள்ளதானே கிடக்குது."

வீட்டுக்குள்தான் கிடந்தது. கிறிஸ்ரினாவின் வீட்டுக்குள். அவள் விட்பியில் புதிதாகக் கட்டுகிற வீடுகளைப் போய்ப் பார்க்கத் தொடங்கினாள். மரியம்மா கழுவுமிடத்தில் நின்றாள். சாப்பாட்டு அட்டையில் "கிறிஸ்ரினாஸ் பம்கின் பார்" என்று அச்சடித்து ஒரு மாதம் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழேதான் மரியம்மா தன் கோட்டைக் கொழுவுவாள்.

செல்வரட்ணத்திடம் சொன்னபோது, "விடுமப்பா. என்ரை தங்கச்சிதானே" என்றார்.

மரியம்மா அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. விட்டுவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெட்டியில் வருகிற மாவைக் கரைத்து கேக் சுடுவதும் ஜெலி கலக்குவதுமாகக் கிறிஸ்ரினா ஒரு வருடத்தை ஓட்டினாள். றொபேட் அந்தப் பூசணி இனிப்பைக் கேட்கும்போதெல்லாம், "அது ஃபோலுக்குத்தான்" என்று தட்டிக்கழித்தாள். அந்த இலையுதிர் காலமும் வந்தது. சுப்பர்மார்க்கற் வாசல்களில் பூசணிக்காய்களைக் குவித்தார்கள். குடும்ப நாளுக்குப் பன்னிரண்டு தட்டு வேண்டும் என்றான் றொபேட். வெளியில் செய்த சாப்பாடு இனி உள்ளே வரக்கூடாது என்று புதுச் சட்டம். சமையலறையிலேயே செய்ய வேண்டும். அந்த நாள் நல்லபடி முடிந்தால் அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னான்.

அந்த ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அடித்தது இதற்காகத்தான்.

"மச்சாள், உந்த பம்கின் விசயம். ஒருக்கால் அளவுகளைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

நன்றி இல்லை, வெட்கம் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்கிறதுபோல. மரியம்மா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். சொல்லமாட்டேன் என்றால் செல்வரட்ணத்திடம் போகும். பிழையாகச் சொன்னால் பொய். செபமாலை பிடிக்கிற கை. சரியாகவே சொல்லுவம் என்று தொடங்கினாள். பிஸ்கற், பட்டர், கிறீம் சீஸ் எல்லாம் கிராம் கணக்கில், பெட்டியில் போட்டிருக்கிறபடி ஒழுங்காகச் சொன்னாள். வெப்பம் சொன்னாள். நேரம் சொன்னாள்.

"பூசணிக்கு?"

"ஒரு தட்டுக்குப் பூசணி ஒரு பேணி. பெரிய பேணி. பால் ரெண்டு பேணி, சீனி ஒரு பேணி. முட்டை நாலு."

மறுபக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"எல்லாம் அதே பேணிதானே மச்சாள்?"

மரியம்மாவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கிறிஸ்ரினாவின் மனதில் நிற்பது பூசணி அடைத்து வருகிற பெரிய ரின். அந்த ரின்னாலேயே பாலையும் அளக்கப் போகிறாள். மரியம்மாவின் எனாமல் பேணி அப்படிப்பட்ட ஒரு ரின்னுக்குள் நாலு தரம் போகும்.

கதவின் பின்னால் ஆணியில் பேணி அசையாமல் தொங்கியது.

"பேணி பேணிதானே" என்றாள்.

ரிசீவரை வைத்தபின் சிறிது நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்ப எடுத்து நம்பரை அமத்துவதற்கு ஒரு நிமிசம் போதும். அவள் போய் உடுப்பு மடித்தாள். மடித்து முடிந்தபோது, வெகுகாலத்துக்குப் பிறகு நல்லாகப் பசித்தது.

குடும்ப நாளன்று காலையிலேயே கிறிஸ்ரினா பன்னிரண்டு தட்டையும் பரப்பினாள். அடித் தட்டுச் சரியாக வந்தது. சீஸ் சரியாக வந்தது. பூசணி ரின்களை உடைத்துக் கொட்டிவிட்டு, வெறும் ரின் ஒன்றைக் கொண்டுவந்து கழுவுமிடத்து ஜன்னலில் வைத்தாள்.

"மச்சாள், இதை ஒருக்கால் கழுவித் தாங்கோ. பால் அளக்க."

மரியம்மா ரின்னை வாங்கினாள். கடதாசியை உரித்தாள். உள்ளே ஒட்டியிருந்த பூசணியைத் தேய்த்து, இரண்டு தரம் அலசி, விளிம்பு கையை வெட்டாமல் பார்த்துத் துணியால் துடைத்தாள். அதைவிடத் துப்புரவாக அவள் அந்த ஆறு வருடத்தில் எதையும் கழுவியிருக்க மாட்டாள். துடைத்ததை இரண்டு கையாலும் நீட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "மச்சாள், உது தண்ணியாக் கிடக்கே? அப்பிடித்தானோ?"

மரியம்மாவுக்குக் கேட்டது. கழுவுகிற இயந்திரத்தின் கதவை இழுத்து மூடிப் பச்சைப் பொத்தானை அமத்தினாள். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கூப்பிட்டாலும் கேட்காது. கேட்காத முகத்தோடு கரண்டிகளை அடுக்கினாள். கிறிஸ்ரினா மேலே ஒன்றும் கேட்காமல் தட்டுகளைச் சுடுகிற அவணுக்குள் தள்ளினாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு, மகன்மாரும் மகள்மாரும் பேரப்பிள்ளைகளும் மேசைகளைச் சுற்றியிருக்க, றொபேட் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு முதல் தட்டை வெட்ட வந்தான். மேலே ஆடை பிடித்து, அதன் உச்சியில் கிறீமும் இருந்தபடியால் அதுவரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கத்தி இறங்கியது. கத்தி போன வழியால் மஞ்சள் தண்ணீர் கிளம்பி வந்தது. துண்டைத் தூக்கினான்; நனைந்த கடதாசிபோல அடித் தட்டு பிய்ந்து தொங்கியது. நாலு கோடும் ஒன்றோடொன்று கலந்து கோப்பையெல்லாம் ஓட, நடுவில் கிறீம் தோணிபோல மிதந்தது. இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு. பன்னிரண்டும் ஒரே மாதிரி.

சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவி மட்டும் கரண்டி கேட்டு வாங்கி, நல்ல சூப் என்று சொல்லி இரண்டு கோப்பை குடித்தாள்.

மற்றதெல்லாம் மரியம்மாவிடம் திரும்பி வந்தது. வழித்து வழித்துக் குப்பைக்குள் கொட்டினாள். அவ்வளவு முட்டை, அவ்வளவு சீஸ். அதற்காக அவளுக்கு மனம் எரிந்தது. கிறிஸ்ரினாவுக்காக எரியவில்லை.

றொபேட் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். சத்தம் போடாமல் கதைக்கிறவன் அன்றைக்குச் சத்தம் போட்டான். சுவரோடு ஒட்டி நின்ற கிறிஸ்ரினாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள்.

"நொட் மை றெசிப்பி! ஹேர் றெசிப்பி! லாஸ்ற் இயர் ஓல்சோ ஷீ மேட்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்தினாள்.

மரியம்மா இயந்திரத்தை நிப்பாட்டினாள். ஒரு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த சொல். எந்த வாய் பறித்ததோ அந்த வாயே, சமையலறையில் நின்ற எல்லோருக்கும் முன்னால், திருப்பித் தந்துவிட்டது. ஏப்ரனில் கையைத் துடைத்தாள். றொபேட் அவளைப் பார்த்தான்.

"யெஸ்" என்றாள். "ஐ மேட் இற்."

அடுத்த நாள் அவள் கைப்பையில் எனாமல் பேணியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு தட்டு செய்தாள். வெட்டியபோது நாலு கோடும் நேராக நின்றன. றொபேட் நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, பேப்பர் வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் ஓடர் கொடுக்கத் தானே பழக்குவதாகவும் சொன்னான். இதை ஒரு வருடத்துக்கு முன்பே யாராவது அவனிடம் கேட்டிருக்கலாம்.

வீட்டில் செல்வரட்ணம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவளைக் கழுவுற இடத்திலை விட்டிட்டாங்களாம். அழுகிறாள். என்ரை தங்கச்சியப்பா."

"உங்கடை தங்கச்சிக்கு நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை."

"உமக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும். ஐ மேட் இற் எண்டு சொல்லேக்கை அவவுக்கும் தெரியும்." அவருடைய கோப்பையில் இன்னொரு கரண்டி கறி போட்டாள். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

திங்கட்கிழமை புதுச் சாப்பாட்டு அட்டை ஒட்டினார்கள். "மரியாஸ் பம்கின் பார்." பேரில் பாதியைக் காணவில்லை. மரியம்மா திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. பாதிப் பேர் என்றாலும் அது அவளுடைய பேர். தன் பழைய றப்பர் கையுறைச் சோடியைக் கழுவுமிடத்தில் மடித்து வைத்துவிட்டு, "கையைப் பாத்துக்கொள்ளும் மச்சாள், கொதிதண்ணி" என்றாள். இடது கையுறையில் பெருவிரலடியில் ஓட்டை இருப்பதைச் சொல்லவில்லை.

அன்றைக்கும் வேலை முடிந்து இருவரும் ஒரே வானில்தான் வந்தார்கள். என்ன நடந்தாலும் சொந்தக்காரர். பஸ்ஸில் விட்டால் ஊர் கதைக்கும். மார்க்கம் றோட்டில் சிவப்பு லைற்றில் வான் நின்றது. கிறிஸ்ரினாவின் விரல்கள் ஸ்ரியரிங்கில் தடித்துச் சிவந்திருந்தன. நேரே பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப, பால் எந்தப் பேணி மச்சாள்?"

மரியம்மாவின் மடியில் கைப்பை. அதற்குள் கடதாசி சரசரத்தது.

"அது இனி உமக்கு என்னத்துக்கு?" என்றாள். "நீர் இனி அளக்கத் தேவையில்லை."

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.